தக்காளி வாங்கத் தெரியாதவர்

என் வீட்டுக்காரருக்குக் கம்பெனி வாங்குகிற வேலை. தனக்காக இல்லை. பெரிய மருந்துக் கம்பெனி ஒன்றுக்காகச் சின்ன மருந்துக் கம்பெனிகளைத் தேடிப் பிடித்து, பேசி முடித்துக் கொடுப்பார். நாலு பேர் மெச்சுகிற வேலைதான். ஆனால் இதே மனிதரிடம் பையைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால், கடைக்காரர் தராசில் போடுவதை அப்படியே வாங்கிக்கொண்டு வருவார். தக்காளியில் பாதி கசங்கியிருக்கும். "பாத்து வாங்கக் கூடாதா?" என்றால், "நல்ல தக்காளின்னுதானே அவர் சொன்னார்" என்பார். ஆபீசில் யார் எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்டு உயிரை எடுக்கிற ஆள் இவர்தான் என்று சொன்னால் நம்புவீர்களா?

வேலையை எனக்குப் புரிகிற மாதிரி ஒருமுறை சொல்லியிருக்கிறார். புது மருந்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் சின்னக் கம்பெனிகள். அதை ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்து, அனுமதி வாங்கி, மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்க அவர்களிடம் தெம்பு இருக்காது. பெரிய கம்பெனிகளிடம் தெம்பு இருக்கும், புது மருந்து இருக்காது. இரண்டையும் சேர்த்து வைப்பது இவருடைய குழு. அதற்கு முன்னால், வீடு வாங்குகிறவன் குழாயையெல்லாம் திருகிப் பார்ப்பதுபோல, மருந்தைப் பற்றி ஒரு கேள்வி பாக்கி வைக்காமல் கேட்டுத் தீர்க்க வேண்டும். மாதக்கணக்கில் நடக்கும். நடக்கிறது என்பதே வெளியே தெரியக் கூடாது. விஷயம் காதில் விழுந்தவன் போய்ப் பங்குகளை வாங்கிக் குவித்தால் எல்லோருக்கும் ஜெயில். மனைவியிடமும் மூச்சு விடக் கூடாது என்பது சட்டம். இவர் அதை ரொம்பவே ஆசையாகக் கடைப்பிடிக்கிறவர்.

வாங்கப்போகிற கம்பெனியின் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள், பறவைப் பெயர் ஒன்று வைத்துவிடுவார்கள். கல்யாணமான புதிதில் இவர் போனில், "கொக்கு இந்த வாரம் சம்மதிக்காது போல இருக்கு" என்று குசுகுசுத்ததைக் கேட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா என்ன? நான் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைச் சோதிக்கிறவள். ஒரு பேரம் ஓடுகிறதென்றால் இவர் வீட்டைத் துடைக்க ஆரம்பிப்பார். முதலில் மின்விசிறி, அப்புறம் ஜன்னல் கம்பி. பேரம் முற்றினால் அடுப்புக்குப் பின்னால் இருக்கிற சுவர். வீடு பளபளவென்று ஆகும்போது எங்கோ ஒரு கம்பெனி கைமாறியிருக்கும். கொஞ்ச நாளில் ஒரு பாளம் வீட்டுக்கு வரும்.

அந்தப் பாளத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பேரம் முடிந்ததும் அதில் உழைத்த ஒவ்வொருவருக்கும் ஞாபகார்த்தமாக, கண்ணாடி மாதிரி இருக்கிற கனமான பிளாஸ்டிக் பாளம் ஒன்று கொடுப்பார்கள். உள்ளங்கை அகலம் இருக்கும். இரண்டு கம்பெனிகளின் பெயரும் தேதியும் உள்ளே மிதக்கும், சிலவற்றில் ஒரு மாத்திரையும். எங்கள் வீட்டில் ஏழு சேர்ந்திருந்தன. மாதக்கணக்கில் நாயாய் உழைத்ததற்கு இதுதானா என்று எனக்கு எரிச்சல். ஒன்றை பால்கனிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன், ஒன்றை ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் வைத்தேன். இவர் வாய் திறக்க மாட்டார். நான் கடைக்குப் போன பிறகு எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்துவிடுவார். நான் வந்து மறுபடியும் முட்டுக் கொடுப்பேன். வருஷக்கணக்காக இதே கூத்து.

போன வருஷம் என் தம்பிக்கு இந்த ஊரிலேயே வேலை கிடைத்தது. தசைகள் வலுவிழந்துகொண்டே போகிற குழந்தைகளுக்காக மருந்து செய்கிற ஒரு சின்னக் கம்பெனி. அந்த மருந்தைச் சுரப்பது உயிருள்ள செல்கள். அவற்றை வளர்ப்பது தம்பியின் வேலை. வேளாவேளைக்கு அவற்றின் உணவுக் கரைசலை மாற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமை என்றெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. சாப்பிட உட்கார்ந்த இடத்திலிருந்து, "பிள்ளைங்களுக்குப் பசிக்கும்" என்று எழுந்து ஓடுவான். "எனக்குப் பொறக்கப்போற பிள்ளைக்கும் இப்படி ஓடுவாரா அண்ணி?" என்று மாசமாக இருந்த அவன் மனைவி என்னைக் கேட்பாள்.

அவன் வேலை கிடைத்ததை வந்து சொன்ன அன்று இவர், "ரொம்ப நல்ல மருந்து, மாப்ள" என்றார். நல்ல வேலை என்று சொல்லாமல் நல்ல மருந்து என்கிறாரே என்று நினைத்தேன். அப்புறம் மறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தன. ஆறு மணிக்கெல்லாம் மனிதர் வீட்டில் இருந்தார். கறிகாய் நறுக்கித் தந்தார், கூடவே நடக்க வந்தார். மின்விசிறியில் தூசி அப்பிக் கிடந்தது. பேரம் கீரம் எதுவும் இல்லை, நிம்மதியாக இருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம் தம்பியும் அவன் மனைவியும் சாப்பிட வந்திருந்தார்கள். அவளுக்கு நிறைமாசம்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," என்று தம்பி ஆரம்பித்தான். "தடுப்பூசி செய்யற கம்பெனி ஒண்ணுல என்னக் கூப்பிடறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். எனக்கு இந்தப் பிள்ளைங்கள விட்டுட்டுப் போக மனசே இல்ல. ஆனா எங்க கம்பெனி நிலைக்குமான்னு பயமாவும் இருக்கு. நீங்க எத்தன கம்பெனியப் பாத்திருக்கீங்க! சொல்லுங்க, போகவா, இருக்கவா?"

இவர் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "பால்கனிக் கதவு அடிச்சுக்குது" என்று எழுந்து போனார். கதவு அடித்துக்கொள்ளவில்லை. அதற்குத்தான் பாளத்தை முட்டுக் கொடுத்திருந்தேனே.

எனக்குப் பொறி தட்டியது. பின்னாலேயே போனேன்.

"தம்பி கம்பெனியிலதான் கை வைக்கிறீங்களா?"

இவர் குனிந்து, கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த பாளத்தை நகர்த்தி வைத்தார்.

"வாங்கி மூடப்போறீங்களா? வாயால சொல்ல வேணாம். அவன் போறதுதான் நல்லதுன்னா தலைய மட்டும் ஆட்டுங்க."

"என்னக் கேக்காதம்மா."

"அவன் யாரோ எவனோ இல்லீங்க. பிள்ளை பொறக்கப்போகுது. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை."

இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது. "அவனுக்கு எது சரின்னு படுதோ அதச் செய்யச் சொல்லு" என்றார். இதைச் சொல்ல மாமா என்று ஒருவர் எதற்கு, தெருவில் போகிற யாரும் சொல்வார்களே!

நான் என் சந்தேகத்தைத் தம்பியிடம் சொல்லவில்லை. இவர் சாப்பாட்டில் பாதியில் எழுந்து போனார், அதனால் நீ வேலையை விடு என்றா சொல்வது? தம்பி இருந்துவிட்டான். "பயப்படற மாதிரி ஏதாவது இருந்தா மாமா சும்மா இருப்பாராக்கா?" என்றான். அது என் நெஞ்சில் தைத்தது.

இரண்டு மாதம் கழித்து, காலையில் கடையைத் திறந்து விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. இவருடைய கம்பெனி தம்பியின் கம்பெனியை வாங்கிவிட்டது. மருந்தைப் பெரிய அளவில் செய்யப்போகிறார்களாம். கடைசி வரியில், இந்த ஊரில் இருக்கிற ஆய்வுக்கூடம் மூடப்படும், வேலை முழுவதும் வேறு ஊரில் இருக்கிற தலைமை ஆய்வுக்கூடத்துக்கு மாறும், இங்கே இருப்பவர்களுக்கு வேலை இல்லை என்று இருந்தது. தம்பி மகள் அப்போது கைக்குழந்தை, கழுத்துக்கூட நிற்கவில்லை.

அன்றிலிருந்து நான் இவரோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தேன், சட்டைக்குப் பொத்தான் தைத்தேன், பேசவில்லை. தொண்டைவரை வந்ததையெல்லாம் அந்த எட்டாவது பாளத்துக்காகச் சேர்த்து வைத்திருந்தேன். அது வரட்டும், கையில் எடுத்து, "என் தம்பி பொழப்புக்கு இதுதான் விலையா?" என்று கேட்டுவிட்டு பால்கனியிலிருந்து வீசிவிடுவது என்று திட்டம். யார் தலையிலும் விழாமல் எந்தப் பக்கம் வீசலாம் என்பதுவரை பார்த்து வைத்திருந்தேன்.

பாளம் வரவில்லை. இவருடைய பையைத் துழாவினேன், இல்லை. அதற்குப் பதிலாக ஒருநாள் இவரே என் கடைக்கு வந்தார். கூட்டத்தோடு வரிசையில் உட்கார்ந்து, தன் முறை வந்ததும் உள்ளே வந்து நாற்காலியில் அமர்ந்தார். வாடிக்கையாளரோடு பேசாமல் கண் சோதிக்க முடியாது. அது மனிதருக்குத் தெரியும்.

"முதல் வரி படிங்க," என்றேன், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு.

படித்தார்.

"இப்ப தெளிவா இருக்கா, இதுக்கு முந்தி தெளிவா?"

"கொஞ்ச நாளா எதுவுமே தெளிவா இல்ல," என்றார்.

பவரில் ஒரு மாற்றமும் இல்லை. "கண்ணு நல்லாத்தான் இருக்கு, அடுத்தவங்கள வரச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டேன்.

தம்பியின் கடைசி நாள் வந்தது. சாயங்காலம் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். இவர் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். தம்பி ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்தான். உள்ளே பாளம்.

"வாங்கினவங்களுக்கு மட்டும் இல்லக்கா, வித்த பக்கத்துக்கும் குடுக்கறாங்க. வேலை போச்சு, பாளம் வந்துச்சு," என்று சிரித்தான்.

"உங்க மாமாவோடது எங்கன்னு கேளு," என்றேன்.

"மாமாவுக்கு ஏதுக்கா?" என்றான். "அப்ப உனக்கும் தெரியாதா?"

அன்று தம்பியின் ஆய்வுக்கூடத்துக்குப் பாளம் கொடுக்க வந்திருந்தவர்களில் இவருடைய மேலதிகாரியும் இருந்திருக்கிறார். எப்போது போன் செய்தாலும் "ஒரு அவசரம்" என்றே தொடங்குவதால் எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே அவசரம். அவர் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாராம். இந்த மருந்தை முதலில் கண்டெடுத்து, வாங்குங்கள் வாங்குங்கள் என்று மூன்று வருஷமாக ஆபீசில் கெஞ்சியது இவர்தானாம். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் ஒருநாள் மேலிடம் சரி என்றது. அந்த நிமிஷமே இவர் அவசரத்தின் அறைக்குப் போய், "என் மனைவியோட தம்பி அங்க வேலை செய்யறான். நான் இதுல இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு ஒரு காகிதம் இவர் கண்ணில் படவில்லை. கூட்டம் நடந்த மாடியின் கதவு இவருடைய அடையாள அட்டைக்குத் திறக்காதபடி பண்ணிவிட்டார்கள்.

"'அவரா வந்து சொல்லலன்னா அன்னைக்கு எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது'ன்னாருக்கா. இன்னொண்ணும் சொன்னார். மாமா மட்டும் அந்த மேஜையில இருந்திருந்தா எங்க லேப்ப மூட விட்டிருக்கவே மாட்டாராம்."

பேசக் கூடாது என்ற என் வீம்பு போன இடம் தெரியவில்லை.

"அப்ப இருந்திருக்க வேண்டியதுதானே! இருந்து சண்டை போட்டிருக்க வேண்டியதுதானே!" என்று இவரைப் பார்த்துக் கத்தினேன்.

இவர் மடித்த சட்டையைத் திரும்பப் பிரித்தார். "இருந்திருந்தா, லேப் வேணும்னு நான் பேசறது மருந்துக்காகவா இவனுக்காகவான்னு எனக்கே தெரிஞ்சிருக்காதும்மா."

"சரி, பால்கனியில அவ்வளவு கெஞ்சினேனே, 'எனக்குத் தெரியாது'ன்னு சொல்ல என்ன? லேப்ப மூடப்போறது நிஜமாவே உங்களுக்குத் தெரியாதுதானே?"

"தெரியாதுன்னு சொன்னா, தெரிஞ்சுக்க அங்க ஏதோ இருக்குன்னு ஆயிடுதே," என்றார். பிறகு, "எழுந்து போனதே தப்பு. உக்காந்து சாப்பிட்டிருக்கணும். எனக்கு நடிக்க வரல."

தான் தேடிக் கண்டெடுத்த மருந்தைத் தலைக்கு மேல் மாடியில் வேறு யாரோ பேசி முடிக்க, இந்த மனிதர் கீழே சில்லறை வேலை பார்த்துவிட்டு ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துகொண்டிருந்திருக்கிறார். நான் மின்விசிறித் தூசியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. தம்பிக்கு வேலை போனது போனதுதான். கோபமும் இருந்தது, இந்த ஆளை விட்டால் எனக்கு யார் என்றும் இருந்தது.

தம்பி பாளத்தை இவரிடம் நீட்டினான். "இது உங்களோடது, மாமா."

உள்ளே விரல் நகம் அளவுக்கு ஒரு மருந்துக் குப்பி மிதந்தது. இவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளைங்க எப்படிப் போனாங்க?" என்று கேட்டார்.

"உறைய வெச்சு, பெட்டியில. நானே கூடப் போய் ஏத்திட்டு வந்தேன். அங்க போனதும் நல்லா முழிச்சிட்டாங்களாம். வளர்ற போட்டோ அனுப்பினாங்க."

"அப்ப மருந்து வந்துடும்?"

"வந்துடும், மாமா."

இவர் கண்ணாடியைக் கழற்றி, மடித்துக்கொண்டிருந்த சட்டையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து மீதித் துணியை மடிக்க ஆரம்பித்தான்.

தம்பிக்கு மறுபடியும் வேலை கிடைக்கச் சில மாதங்கள் ஆயின. தூரம் அதிகம், முன்னைவிட இரண்டு படி கீழே. ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு என்று அவன் மனைவிக்கு மட்டும் சந்தோஷம். எட்டுப் பாளத்தையும் நானே துடைத்து அலமாரியில் அடுக்கிவிட்டேன். பால்கனிக் கதவு இப்போது நிஜமாகவே அடித்துக்கொள்கிறது.

நேற்று அவர்கள் எல்லோரும் சாப்பிட வருவதாக இருந்ததால் இவரைக் கடைக்கு அனுப்பினேன். பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வழக்கமான திட்டுக்காக அங்கேயே நின்றார். தக்காளியில் பாதி கசங்கியிருந்தது. வாய்வரை வந்தது. ஒரு வார்த்தை பேசாமல், நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து நறுக்கினேன்.