பில்ஸ்னரில் அடித்த வெண்ணெய் வாசனை

இந்திரா நகரில், சொந்தமாக பீர் காய்ச்சி விற்கும் ஒரு பப்பில் எனக்கு வேலை. உறவுக்காரர்கள் கேட்டால் குளிர்பானக் கம்பெனி என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன். டேங்க் கழுவியே காலம் போன பிறகு, முதன்முறையாக ஒரு பில்ஸ்னரை முழுக்க நானே காய்ச்ச விட்டார்கள்.

பில்ஸ்னர் வம்பு பிடித்த பீர். மாம்பழமோ காப்பியோ சேர்க்கிற பீரில் சின்னக் குறை இருந்தால் அந்த மணத்துக்குள் பதுங்கிக்கொள்ளும். இதில் கொஞ்சம் ரொட்டி மணம், கடைசியில் ஒரு கசப்பு, அவ்வளவுதான். ஈஸ்ட் தன் வேலையைச் சரியாக முடிக்காவிட்டால் வெண்ணெய் வாசனை வரும். வந்தால் டேங்க் முழுவதும் சாக்கடைக்குப் போகும். நானும் பழையபடி டேங்க் கழுவப் போக வேண்டியதுதான்.

ருசி பார்க்கும் நாளன்று காப்பி கூடாது, சென்ட் கூடாது, மல்லிகைப்பூ கூடாது. எல்லோரும் கிளாஸைக் கீழே வைக்கும்வரை யாரும் பேசவும் கூடாது. ஒருவர் சொன்னால் மற்றவர் மூக்குக்கும் அதுவே தோன்றிவிடும். எல்லாவற்றையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். ஆனால் பயத்தில் தூக்கம் வராமல் விடியற்காலையிலேயே எழுந்தவள், கை சும்மா இருக்காமல், சேர்த்து வைத்திருந்த வெண்ணெயை முருங்கைக்கீரை போட்டு நெய்யாக உருக்கினேன். அதே உடையோடு ஜோகுபாளையத்து வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி வந்துவிட்டேன்.

சின்ன ஏசி அறையில் முதலாளி, பீர் காய்ச்சுவதைப் பார்த்துக்கொள்ளும் தலைமை ப்ரூவர், நான். தலைமை ப்ரூவர் தங்கவயல் தமிழர், அண்ணன் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். கிளாஸுக்குள் மூக்கை விட்டு இழுத்தார், ஒரு வாய் குடித்தார், கீழே வைத்தார். எனக்கும் அந்த வாசனை வந்தது.

"வெண்ணெ வாசன அடிக்குதும்மா," என்றார். "இத வெளிய விட முடியாது."

முதலாளியும் தலையசைத்தார். மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தபோது அதே வாசனை, இன்னும் பலமாக அடித்தது. எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. பூ வைக்காமல் வந்த மகராசி, அடுப்படியையே உடுத்திக்கொண்டு வந்திருக்கிறாள்.

உள்ளே ஓடிப்போய்ச் சொன்னேன். முதலாளி அதைச் சாக்கு என்றுதான் நினைத்தார். அண்ணன் துப்பட்டாவை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, வேறு அறையில் புது கிளாஸ்களில் ஊற்றச் சொன்னார். என்னை மட்டும் வெளியே நிற்கச் சொன்னார். கண்ணாடிக் கதவு வழியாக இரண்டு முதுகுகள்தான் தெரிந்தன.

அண்ணன் ஒரு கிளாஸோடு வெளியே வந்தார்.

"சுத்தமா இருக்குது. இந்தா, உன் பீரு. குடி."

வாங்கிக் குடித்தேன். என் கையிலும் தலைமுடியிலும் நெய் மணந்தது. அந்த வாரம் வந்தவர்களெல்லாம் கேட்டு வாங்கிக் குடித்த பில்ஸ்னர் அது. என் முதல் வாயில் மட்டும் அது நெய்யாகவே இருந்தது.