ஐம்பத்தேழு கிலோ

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு கார் இருக்கை எனக்குச் சொந்தமாக இருந்தது. கார் சித்தப்பாவுடையது. அதில் இரண்டே இரண்டு இருக்கைகள்தான். ஒன்றில் அவர் இருந்து ஓட்டுவார், மற்றதில் நான். பின்னால் ஒரு பிள்ளை ஒடுங்கி இருக்கக்கூட இடமில்லை. அம்மா, அப்பா உட்பட உலகத்தில் வேறு எவருக்கும் அந்தக் காரில் இடம் கிடையாது என்பதுதான் அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சித்தப்பா அப்போது ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில் எங்கள் வீட்டின் நிலக்கீழ் அறையில் இருந்தார். பஸ் திருத்துமிடத்தில் வேலை. பகல் முழுவதும் பெரிய பஸ்களுக்கு அடியில் கிடந்துவிட்டு வந்து, மாலையில் இந்தச் சின்னக் காரின் அடியில் போய்க் கிடப்பார். பழைய ஆங்கிலேயக் கார். யாரோ ஒரு கிழவரின் கொட்டிலில் துருப்பிடித்துக் கிடந்ததை இழுத்து வந்து, மூன்று பனிக்காலம் எங்கள் கராஜுக்குள் வைத்துத் திருத்தி, சிவப்புச் சாயம் அடித்து எழுப்பியிருந்தார். கோடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூரையைச் சுருட்டிவிட்டு நாங்கள் இருவரும் ஒஸ்லோ கடற்கரை வரை போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டு வருவோம். சின்னப் பிள்ளைகள் உயரத்துக்காகப் போட்டு உட்காரும் மெத்தை ஒன்று என் இருக்கையில் எப்போதும் இருக்கும். அதை எடுத்து உள்ளே வைக்க நான் யாரையும் விட்டதில்லை. அது அங்கே கிடந்தால்தான் இடம் என்னுடையது.

இந்த நிலையில் சித்தப்பாவுக்குக் கல்யாணம் பொருந்தியது. பெண்ணின் தாயும் தகப்பனும் வடகோடிக் கரையில் பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். அவள் பிறந்ததும் அங்கேதான். துரொண்ட்ஹெய்ம் நகரில் படித்து, அங்கேயே பல் வைத்தியராக இருந்தாள். படம் வந்ததும் வீட்டில் எல்லோரும் சிரிப்பு அழகு, சிரிப்பு அழகு என்றார்கள். பல் வைத்தியருக்குப் பல் நன்றாக இருப்பதில் என்ன அதிசயம் என்று நான் நினைத்தேன். படத்தை அம்மா அலுமாரியில் வைத்த பிறகும் இரண்டு தரம் எடுத்துப் பார்த்தேன். குறை ஒன்றும் அகப்படாதது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அதுவரை மாலையில் என்னோடு கரம்போட் விளையாடிய சித்தப்பா, அதன் பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசியில் இருந்தார். நான் படிக்கட்டில் குந்தியிருந்து கேட்பேன். பேச்சு விளங்காது, சிரிப்பு மட்டும் விளங்கும். அப்படி அவர் எனக்காகச் சிரித்ததில்லை என்று எனக்குப் பட்டது. பொய்தான், நிறையவே சிரித்திருக்கிறார். ஆனால் பொறாமை கணக்குப் பார்த்து வருவதில்லையே.

கல்யாணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது காரைத் தாழ்த்தப் போவதாகச் சொன்னார். அந்த வகைக் கார் முதலில் நிலத்தோடு பதிந்துதான் இருந்ததாம். பிறகு அமெரிக்காவில் விற்பதற்காக அங்குள்ள சட்டத்துக்கு ஏற்ப உயர்த்திவிட்டார்களாம். அதனால் எங்கள் கார், சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு வெள்ளத்தைக் கடப்பவர் மாதிரி நின்றது. எனக்கு அது பழகிய அழகு. பொம்பிளையைக் கூட்டி வரும்போது கார் ஒழுங்காக நிற்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. எனக்காக அவர் அதை ஒரு விரற்கடைகூடத் தாழ்த்த நினைத்ததில்லை.

சில்லுக்கு மேலே காரைத் தாங்கும் ஸ்பிரிங் கட்டையானால் கார் தாழும். கட்டையான ஸ்பிரிங் இங்கிலாந்திலிருந்து வரவழைத்துப் போட்டிருக்கலாம். கல்யாணத்துக்கு முன் வந்து சேராது என்பதால் இருக்கிற ஸ்பிரிங்கையே வெட்டுவது என்று முடிவெடுத்தார்.

"வெட்டுறது லேசு, பிள்ளை. வெட்டினதைத் திருப்பி ஒட்டேலாது. அதாலை முதல் அளக்கோணும்," என்றார். "ஆக்கள் ஏறினால் கார் எவ்வளவு பதியுது எண்டு பார்த்துத்தான் வெட்டோணும். பாரத்தைக் குறைய வைச்சு அளந்து வெட்டினால், பிறகு ஆள் ஏறேக்கை அந்தப் பக்கம் நிலத்திலை உரசும்."

இந்த விளக்கத்தை அவர் எனக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

ஆட்களின் பாரத்துக்கு அவர் கண்டுபிடித்த வழி அரிசி. கல்யாணச் சாப்பாட்டுக்கென்று வாங்கிய பத்துக் கிலோ அரிசிப் பைகள் எங்கள் வீட்டில் சுவர் மாதிரி அடுக்கியிருந்தன. ஒரு சனிக்கிழமை காலை, ஓட்டும் இருக்கையில் தன்னுடைய நிறைக்கு ஏழு பைகளை அடுக்கினார். அடுத்து என் மெத்தையை எடுத்து ஒரு பக்கம் வைத்துவிட்டு, மற்ற இருக்கையில் வைக்க ஒரு பையைத் தூக்கினார்.

"அது என்ரை இடம். அங்கை அரிசி வைக்கேலாது," என்றேன்.

அவர் சிரித்தார். "சரி, நீயே ஏறு. உனக்கு இருபத்தேழு. இன்னும் மூண்டு பை வைச்சால் சரி."

ஏறி இருந்தேன். காலடியில் ஒரு பை, மடியில் ஒரு பை. மடியில் இருந்த பை மூச்சு முட்டியது. அப்போதுதான் கேட்கத் தோன்றியது.

"ஏன் மூண்டு பை?"

"ஐம்பத்தேழு கிலோ வேணும்."

"ஆர் ஐம்பத்தேழு கிலோ?"

கையைத் துடைத்துக்கொண்டே, "உன்ரை சித்தி. நேற்றுக் கேட்டனான்," என்றார்.

என் சொந்த இருக்கையில், என் சொந்த இருபத்தேழு கிலோவோடு, நான் இன்னொருத்தியின் பாதிக்கும் குறைந்த பங்காக இருந்தேன். மிச்சத்தை அரிசியால் நிரப்பினால் அவள் வந்துவிடுவாள். அழுதால் இறக்கிவிடுவார் என்பதால் அழவில்லை. மூன்றாவது பையை நானே எடுத்து வருகிறேன் என்று சொல்லி இறங்கி உள்ளே போனேன்.

அம்மா ஒரு அரிசிப் பையையும் எறிய மாட்டார். வெறும் பை ஒவ்வொன்றிலும் வேறு ஏதாவது இருக்கும். கல்யாணத்துக்குத் தூள் இடிக்கவென்று வாங்கிய செத்தல் மிளகாய் ஒரு பை நிறைய இருந்தது. அதே பை, அதே படம், அதே பத்துக் கிலோ என்ற எழுத்து. தூக்கினால் இரண்டு கிலோகூட வராது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். ஏறி இருந்ததும் நானே அதை என் அருகே செருகிக்கொண்டேன். அவள் ஏறட்டும், கார் உரசட்டும் என்பதற்கு மேல் எனக்கு வேறு எண்ணமில்லை.

சித்தப்பா காரின் முன்பக்கத்தை இரண்டு தரம் அமத்தி ஆட்டிவிட்டு, சில்லின் நடுவிலிருந்து மேல் விளிம்புவரை நாடாவைப் பிடித்து அளந்தார். அளந்துகொண்டே மூன்று தரம் தும்மினார்.

"அண்ணி மிளகாய் வறுக்கிறாவோ?"

"ஓம்," என்றேன்.

என்னையும் பையையும் ஒரு தரம் பார்த்தார். "காணும், இறங்கு. நீ உள்ளுக்குப் போ. வெட்டேக்கை பொறி பறக்கும்," என்றார். நான் போனேன். கொஞ்ச நேரத்தில் கிரைண்டர் இரும்பை அறுக்கும் சத்தம் கேட்டது. எனக்கு அது நல்ல சத்தமாக இருந்தது.

கல்யாணத்தன்று தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, மாப்பிளையும் பொம்பிளையும் வீடு வரும் நேரம். நாங்கள் முன்கூட்டியே வந்து வாசலில் நின்றோம். அம்மாவும் மாமியும் ஆராத்தித் தட்டோடு நின்றார்கள். மாமி என்றால் அப்பாவின் அக்கா. சடங்கு எதுவென்றாலும் அவர் சொல்வதுதான் சட்டம். எங்கள் வீட்டு வரிசை தொடங்கும் இடத்தில் ஒரு வேகத்தடை உண்டு. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சிவப்புக் கார் பூமாலையோடு நிலத்தைத் தடவிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னால் மிக அழகாக இருந்தது. வேகத்தடையில் முன்சில்லு ஏறி இறங்கியதும் கரகரவென்று ஒரு சத்தம். கார் வயிற்றைத் தடையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டது. சித்தப்பா பின்னுக்கு எடுத்தார், சரித்து ஏற்றிப் பார்த்தார். மறுபடியும் கரகர.

"பொம்பிளை இறங்கினால் கார் ஏறும்," என்று யாரோ சொல்ல, வாசலில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அவள் கூறைச் சேலையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவள் இறங்க, கார் எழும்பியது. எல்லோரும் அதைக் கண்டார்கள், அவளும் கண்டாள். முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. மாமிக்கு அடுத்த கவலை வந்தது. "தாலி கட்டின மாப்பிளை தனியப் போகக்கூடாது. ஆரும் ஒராள் ஏறுங்கோ," என்றார்.

சித்தப்பா சனத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்தார். "பிள்ளை, ஓடி வா. நீ பாரமில்லை."

ஓடிப்போய் ஏறினேன். இருக்கை சூடாக இருந்தது, மல்லிகைப் பூ உதிர்ந்து கிடந்தது. மெத்தை இல்லாததால் முன்னால் ஒன்றும் தெரியவில்லை. பக்கக் கண்ணாடி மட்டும் தெரிந்தது. கார் தடையை ஏறிக் கடந்தது. கண்ணாடிக்குள், உயர்ந்த குதிச் சப்பாத்துகளைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு அவள் பின்னால் நடந்து வந்தாள். என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் கேட்டதெல்லாம் கிடைத்திருந்தது, ஆனால் நிமிர்ந்து இருக்க முடியாமல் இருக்கையில் சரிந்துகொண்டேன். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று முடிவு செய்தேன். வாசலில் கார் நின்றதும் குதித்து இறங்கி, ஆராத்தி முடியும்வரை அம்மாவின் பின்னால் ஒளிந்து நின்றேன்.

அதன் பிறகு அந்த இருக்கையை நான் கேட்கவில்லை. கூப்பிட்டாலும் வீட்டுப்பாடம் இருக்கிறது என்பேன். சித்தப்பா பிறகு வேறு ஸ்பிரிங் வாங்கிப் போட்டார். சித்தி பக்கத்துத் தெருவில் வீடு வாங்கி, என் பல்லையெல்லாம் பார்த்து, எனக்கு மிகவும் வேண்டியவரானார். குற்றம் மட்டும் எனக்குள் அப்படியே கிடந்தது.

போன கோடையில் நானும் சித்தியும் அம்மாவின் கராஜில் தூளுக்கு மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்குள் வறுத்தால் புகைமணி அடிக்கும். தும்மித் தும்மிக் கண்ணில் நீர் வழிந்த ஒரு நேரத்தில் அந்த மிளகாய்ப் பையின் கதையை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சித்தி அகப்பையை நிறுத்தவில்லை.

"அவருக்கு அப்பவே தெரியும். பத்துக் கிலோப் பையோடை நீ துள்ளித் துள்ளி வந்தனியாம். உன்னை உள்ளுக்கு அனுப்பிப்போட்டு அரிசிப் பை வைச்சுத் திருப்பி அளந்தவர்."

"அப்ப ஏன் சித்தி உரசினது?"

அவர் தாச்சியை அடுப்பிலிருந்து இறக்கிவைத்தார். பிறகு, "நான் அறுபத்தாறு," என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"அந்த நாளையிலை ஃபோன் எடுத்தால் உன்ரை கதைதான். பிள்ளை இப்பிடிச் சொன்னாள், பிள்ளை அப்பிடிச் செய்தாள். வாயை மூடச் சொல்லோணும் போலை இருக்கும். அண்டைக்கும் உன்ரை நிறை இருபத்தேழு எண்டு சொல்லிப்போட்டுத்தான் என்ரையைக் கேட்டவர். ஒன்பது வயதுப் பிள்ளையோடை போட்டி போட்டு ஒன்பது கிலோவைக் குறைச்சுச் சொன்னனான்."

ஒன்பது கிலோவுக்காக ஒரு கார் நிலத்தில் வயிறு வைக்காது, சித்தப்பாதான் ஆசையில் அளவுக்கு மேலே வெட்டியிருப்பார் என்று சொல்லிப் பார்த்தேன். சித்தி ஏற்கவில்லை. இத்தனை வருடம் காத்த குற்றத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை.

"எல்லாரும் சிரிக்க நான் இறங்கி நிக்கிறன், அவர் உன்னைப் பார்த்து நீ பாரமில்லை எண்டுறார்," என்றார். "அந்தக் கொஞ்சத் தூரமும் உன்னைப் பார்த்து எரிஞ்சுகொண்டுதான் நடந்தனான்."

கண்ணாடிக்குள் நான் கண்ட முகம் எனக்கு நன்றாகவே பழக்கமான முகம். படிக்கட்டில் குந்தியிருந்து அந்தச் சிரிப்பைக் கேட்டபோதெல்லாம் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் ஒரு வளர்ந்த பெண், அதுவும் அவ்வளவு அழகான ஒருத்தி, என்னைப் பார்த்துப் பொறாமைப்படுவாள் என்பது அந்த ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.