பச்சை ஒயர்

அன்று என் மகள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது ஷாக் அடித்ததாலா, நான் கத்தியதாலா? அவளுக்கு ஒன்றேகால் வயது. கேட்டாலும் சொல்லத் தெரியாது.

கடப்பாக்கத்தில் எங்கள் வீடு கடலை ஒட்டி இருக்கிறது. கூடத்தில் கணவர் பழையதாக வாங்கிய ஆம்ப்ளிஃபயர் ஒன்று, இரும்புப் பெட்டி. டிவி சத்தம் அதன் வழியாகத்தான். போட்ட நொடியிலிருந்து ‘ம்ம்ம்’ என்று இரையும். காலையில் படகுக்காரர்களின் வயர்லெஸ் பேச்சும் உள்ளே புகுந்துவிடும். “எங்க கீற? வல ஏறிச்சா?” என்று யாரோ ஒருவர் கூடத்தின் நடுவில் கேட்பார். தூங்கும் குழந்தை வீரிட்டு எழும். இதை நிறுத்துங்கள் என்று தினமும் நச்சரித்தது நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரைச்சல் நின்றது. பிளக்கைத் திறந்து பச்சை ஒயரைக் கழற்றிவிட்டதாகக் கணவர் சொன்னார். அது எர்த் ஒயர் ஆயிற்றே என்றேன்.

“ஊர்ல பாதி வூட்ல அப்டித்தான் ஓடிகினு கீது. நீ இன்னா, கரண்ட் ஆபீஸா?”

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் படித்தவள் நான். பெட்டியில் கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கத்தான் அந்த ஒயர் என்று தெரியும். ஆனால் குழந்தை நிம்மதியாகத் தூங்கியது. நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஈரத் தரையில் தவழ்ந்து போனவள் பெட்டியின் மூலையில் கை வைத்தாள். கத்தினேன். கையை இழுத்துக்கொண்டு அழுதாள். தூக்கித் தொட்டிலில் விட்டுவிட்டு, புறங்கையால் பெட்டியைத் தொட்டேன். எறும்பு ஊர்வதுபோல் சுருசுருவென்றது.

மாலையில் நடந்ததைச் சொன்னதும் கணவர் பச்சை ஒயரை மாட்டினார். இரைச்சல் திரும்ப வந்தது. ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பார்த்தோம். செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிள் ஒயரை எடுத்ததும் நின்றது. சுருட்டிக் கிடந்த ஸ்பீக்கர் ஒயரை வெட்டிக் குட்டையாக்கியதில் படகுப் பேச்சும் குறைந்தது. அவர் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“இன்னும் லேசா ஷாக் கீது.”

வீட்டு எர்த் பைப் உப்பு மண்ணில் துருப்பிடித்திருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம். பைப் புதைத்த குழியில் தண்ணீர் ஊற்றினால் போதும் என்கிறார் வயர்மேன். ஊற்றினேன், நம்பிக்கை வரவில்லை. பிளக்கைப் பிடுங்கி, ஆம்ப்ளிஃபயரை பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். ஆனால் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் அதே எர்த்தில்தானே ஓடுகின்றன? கடலோரத்தில் குடியிருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்: எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எதை வைத்து, யாரைக் கொண்டு சோதித்தீர்கள்?