நைனாவின் போனில் பதினொன்று

நைனாவின் இருதய ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் அப்பாவும் பிள்ளையுமாகத் திருமலையில் மொட்டை போடுவதாக வேண்டுதல். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மூன்று மாதம் கழித்து, பிப்ரவரியில், அதற்காகத்தான் சிங்கப்பூரிலிருந்து கிளம்பினேன். நைனாவும் அம்மாவும் இருக்கும் வீடு, திருப்பதிக்குப் பக்கத்தில் நகரியில். நான் மொபைல் ஆப்களில் பெயர், தேதி நிரப்பும் படிவங்களுக்கு நிரல் எழுதிப் பிழைக்கிறவன். குடும்பத்துக்கென்றே ஒரு ஆப் செய்து நைனா போனிலும் போட்டிருந்தேன். சிங்கப்பூரில் இருக்கும்போதே அதில் 'திருப்பதி ஸ்டேஷனில் சந்திப்பு, தேதி 12' என்று பதிந்தேன்.

சென்னையில் காலை ஆறரை மணி ரயில். சுமார் 150 கி.மீ., மூன்றேகால் மணி நேரம், டிக்கெட் 75 ரூபாய். புத்தூர் பக்கம் வந்தால் மலைகள் கூடவே வரும், ஜன்னலோரம் பிடியுங்கள்.

நைனா பிளாட்பார பெஞ்சில் இருந்தார். உதடு வெடித்திருந்தது.

"எப்ப வந்த நைனா?"

"நேத்து காலைல. பதினொண்ணுன்னு தானே போன்ல இருந்துச்சு?"

வீட்டைவிட்டுக் கிளம்பினால் மொட்டை போடும்வரை தண்ணீர் தவிர எதுவும் வாயில் படக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். நைனாவுக்குச் சர்க்கரை வேறு.

"ஒரு போன் பண்ணக்கூடாதா?"

"நீ ப்ளேன்ல இருப்ப. இப்ப வந்துடுவ, இப்ப வந்துடுவன்னு உக்காந்துகினு இருந்தேன். உங்கம்மாகிட்ட நீ வந்துட்டன்னு சொல்லிட்டேன், இல்லன்னா அது சண்டைக்கு வரும்."

இட்லி வாங்கி நீட்டினேன். தள்ளிவிட்டார். மலைக்கு பஸ் 22 கி.மீ., ஒரு மணி நேரம், தலைக்கு 90 ரூபாய். வழிநெடுக அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். மொட்டை போடும் கூடத்தில் குனிந்தவர் பாதி மழிப்பதற்குள் அப்படியே சாய்ந்தார். மொட்டை அடிப்பவரும் நானும் தாங்கினோம். மீதித் தலையையும் மழித்த பிறகுதான் வாயைத் திறந்தார். சர்க்கரை கரைத்த தண்ணீரை நானே புகட்டினேன்.

என் படிவம் தேதியோடு நள்ளிரவு பன்னிரண்டு மணியையும் சேர்த்துச் சேமித்திருந்தது. சிங்கப்பூரில் 12 பிறக்கும்போது இங்கே 11ஆம் தேதி இரவு ஒன்பதரை. நைனாவின் போன் மணியை விட்டுவிட்டு அந்தத் தேதியை மட்டும் காட்டியிருக்கிறது. படிவம் எழுதுகிறவர்களே, தேதி மட்டும் வேண்டிய இடத்தில் தேதியை மட்டும் சேமியுங்கள், பக்கத்தில் கிழமையையும் காட்டுங்கள். பயணம் போகிறவர்கள், கிளம்பும் முன் ஒருமுறை வாய்விட்டும் சொல்லிவிடுங்கள்.

நானும் சொல்லியிருந்தேன், அம்மாவிடம். நகரிக்குத் திரும்பியதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"பன்னெண்டு, வெள்ளிக்கிழமைதான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்டா. 'வாயால சொல்றது தப்பாப் போவும், எம்புள்ள எழுதுனது தப்பாவாது'ன்னு வியாழக்கிழமையே கிளம்பிட்டாரு."