காத்தாடியைப் பார்த்து அடிங்க

கோல்ஃப் சொல்லிக்கொடுப்பது என்பது, வாழ்க்கையில் நன்றாக இருக்கிறவர்களைக் கூப்பிட்டு வைத்து, அவர்கள் ஆசை ஆசையாக வாங்கிய மட்டையாலேயே மண்ணைக் கொத்த வைக்கும் தொழில். நாற்பது வயதுக்கு மேல் நீச்சலோ வீணையோ ஷட்டிலோ கற்றுக்கொள்ளப் போய், பெற்ற பிள்ளைகள் முன்னால் அசடு வழிந்தவர்கள் இதைப் படிக்கிறவர்களில் நிச்சயம் இருப்பீர்கள். நீங்கள் எல்லாம் நம்ம கட்சி. வாருங்கள், சேர்ந்தே சிரிப்போம்.

என்ன வெள்ளாமை?

நான் வளைகுடா நாட்டில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்குப் புல் வெட்டப் போனவன். புல் வெட்டி, பந்து பொறுக்கி, மட்டை துடைத்து, கடைசியில் ஆட வருகிறவர்களுக்கு எப்படி நிற்க வேண்டும், எப்படி வீச வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். அதற்குள் என் மகள் செல்போனுக்குள்ளேயே தவழ்ந்து, செல்போனுக்குள்ளேயே பள்ளிக்கூடம் போய்விட்டாள். போதும் என்று ஊர் திரும்பினேன். அஞ்சுகிராமத்துக்கும் வட்டக்கோட்டைக்கும் நடுவே, என் மனைவி செல்விக்கு அவள் வீட்டில் கொடுத்த நிலத்தில் பயிற்சி மைதானம் போட்டேன். "கன்னியாகுமரி மாவட்டத்தில் யாருக்கு கோல்ஃப் தெரியும்?" என்று கேட்காத ஆள் இல்லை. யாருக்கும் தெரியாது என்பதுதான் என் தைரியமே. போட்டிக்குக் கடை போட ஆள் கிடையாது பாருங்கள்!

பழைய முதலாளியோ என்னை விடுவதாக இல்லை. அங்கே வெயில் தணிந்து அக்டோபரில்தான் ஆட்டம் சூடுபிடிக்கும். அதற்குள் வந்தால் வேலை உனக்குத்தான் என்று சொல்லியிருந்தார். செல்வியும் கறாராகச் சொல்லிவிட்டாள். அக்டோபருக்குள் இந்த மைதானம் குடும்பத்தைத் தாங்கும் என்று தெரிந்தால் இங்கேயே இருக்கலாம், இல்லையென்றால் விமானம் ஏற வேண்டியதுதான். எனக்குப் போக மனசே இல்லை. மகளை நேரில் அதட்டக் கிடைத்த சுகத்தை விட்டுவிட்டு எவன் போவான்?

புல் பச்சைப்பசேல் என்று வந்து நின்ற அன்று செல்வியின் அண்ணன் தங்கதுரை வந்தார். பக்கத்து நிலத்தில் வாழை போடுகிறவர். வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "மாப்ள, தண்ணி பாய்ச்சுதிய, உரம் போடுதிய, வெட்டவும் செய்யுதிய. வெட்டினதை மாட்டுக்கும் போட மாட்டங்கிய. அப்ப இது என்ன வெள்ளாமைதான்?"

பல் டாக்டரின் மட்டைகள்

முதல் மாணவர் நாகர்கோவில் பல் டாக்டர் ஜெபசிங். அருமையான மனிதர். ஒரே ஒரு வியாதி உண்டு. பந்து கோணலாகப் போனால் அவர் தன் கையைப் பார்க்க மாட்டார், மட்டையைப் பார்ப்பார். அடுத்த வாரம் புது மட்டை வந்துவிடும். விதிப்படி ஒருவர் பதினான்கு மட்டை வரைதான் பையில் வைத்துக்கொள்ளலாம். டாக்டரின் கார் டிக்கியில் ஒரு கடையே இருந்தது. விலை உயர உயர, பந்து இன்னும் நன்றாகக் கோணியது.

ஒருநாள் கார் சாவியை வாங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிய என் பழைய மட்டை ஒன்றைக் கொடுத்து, "டாக்டர், இனி இது ஒன்றுதான்" என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் வாங்கினார். வேறு வழி இல்லாததால் முதன்முறையாகத் தன் காலையும் தோளையும் கவனித்தார். இரண்டாவது வாரம் பந்து விர்ரென்று போய், குழியில் நட்டிருந்த கொடிக்குப் பக்கத்தில் விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனிதர் திருந்திவிட்டார் என்றே நினைத்தேன். அவர் அந்த மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கோச், இது எந்தக் கடையில வாங்கினது? எனக்கு ரெண்டு வேணும்."

வட்டக்கோட்டைக்கு வழி

கோட்டையைப் பார்க்க வழி தவறி வந்த ஒரு மதுரைக் குடும்பம். வழியைச் சொல்லிவிட்டு, "சும்மா ஒரு பந்து அடிச்சுப் பாருங்களேன்" என்று கணவர் கையில் மட்டையைக் கொடுத்தேன். அடித்தார் ஐயா ஒரு அடி! அப்படியொரு அடியை என் டாக்டர் கனவில்கூட அடித்ததில்லை. அதோடு சரி. அடுத்து ஒரு கூடைப் பந்து காலியாகியும் அந்த முதல் அடி திரும்ப வரவில்லை. மனிதர் சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு மும்முரமாக நின்றார். பொழுது சாயத் தொடங்கியது. காரில் காத்திருந்த அவர் மனைவி இறங்கி வந்து சொன்னார்: "கோட்டை எங்கயும் போயிடாது, நீங்களும் எங்கயும் போயிடாதீங்க. நாங்க ஆட்டோ பிடிச்சுப் போய்ப் பாத்துட்டு வந்துடுறோம்."

வில்சன் அண்ணன் சிலையானார்

மார்த்தாண்டத்தில் ரப்பர் வியாபாரம் செய்கிற வில்சன் அண்ணன், அந்த ஜங்ஷன் நெரிசலைத் தாண்டி வாரத்தில் மூன்று நாள் வருவார். நெரிசலில் கார் நிற்கும்போதெல்லாம் செல்போனில் கோல்ஃப் வீடியோ பார்ப்பார். அந்த நெரிசலைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அவர் எத்தனை வீடியோ பார்த்திருப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வந்து பந்துக்கு முன்னால் நிற்பார். மட்டையைத் தூக்குவார். தூக்கியபடியே நிற்பார். தோளில் ஒரு தட்டான் வந்து உட்கார்ந்து, இளைப்பாறி, பறந்து போகும். அண்ணன் அசைய மாட்டார். ஒருநாள் பக்கத்தில் போய், "என்ன அண்ணே, அடிக்கலையா?" என்றேன். தலையைத் திருப்பாமல், உதடு மட்டும் அசைய, பரிதாபமாகச் சொன்னார்: "கோச்சே, ஒருத்தன் தலைய அசைக்கப்பிடாதுங்கான், மற்றவன் இடுப்ப அனக்கணும்ங்கான். ஒருத்தன் கைய முறுக்குங்கான், மற்றவன் தளர விடுங்கான். இனி நான் மூச்சு விடலாமா, இல்ல அதுக்கும் வீடியோ உண்டுமா?"

ரஹீமா அக்கா

கோட்டாற்றில் துணிக்கடை நடத்துகிற ரஹீமா அக்கா ஆட வந்தவரே இல்லை. வந்தது அவர் கணவர். அவர் நான்கு நாள் வந்து, முதுகு பிடித்துக்கொண்டு, மட்டைகளைப் பரணில் போட்டுவிட்டார். காசு கொடுத்து வாங்கிய பொருள் சும்மா கிடப்பதைப் பொறுக்காத அக்கா, அவற்றை இறக்கித் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தார். காலையில் கடை திறப்பதற்கு முன் இங்கே. கடை அடைத்த பிறகு வீட்டு மொட்டைமாடியில், பிரியாணி அண்டாவை வைத்து அதற்குள் பந்தை விழவைக்கும் பயிற்சி. பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் சண்டைக்கு வந்தார்கள். பிறகு எத்தனை விழுகிறது என்று எண்ண ஆரம்பித்தார்கள்.

நான் பார்த்த மாணவர்களில் பந்து கோணினால் கோபப்படாத ஒரே ஆள் அவர்தான். டாக்டர் மட்டையைத் திட்டுவார், வில்சன் அண்ணன் தன்னையே திட்டிக்கொள்வார். அக்கா அடுத்த பந்தை எடுத்து வைப்பார், அவ்வளவுதான். "உங்களுக்கு எரிச்சலே வராதா அக்கா?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "ஒருத்திக்கு நாப்பது சேலைய எடுத்துப் போட்டு, அவ ஒண்ணும் வாங்காம எந்திரிச்சுப் போனாலும் சிரிச்சிட்டே மடிச்சு வைக்கவ நான். இந்தப் பந்து என்னைய என்ன செஞ்சிரும்?"

காத்து வருது, தள்ளி அடி

எங்கள் பக்கத்துக் காற்று எப்படி என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புறப்பட்டால் துணி, ஓலை, தொப்பி எதையும் விட்டுவைக்காது. என் மைதானத்தில் கடலைப் பார்த்து நின்றால் காற்று வலது கன்னத்தில் அறையும். கொடிக்கு நேராக அடித்தால் பந்து இடதுபக்கம் தங்கதுரை மச்சானின் வாழைக்குள் போய்விடும். கொடிக்கு வலப்பக்கம் தூரத்தில் ஒரு காற்றாலை நிற்கிறது. எங்கள் ஊரில் அதற்குக் காத்தாடி என்று பெயர். "காத்தாடியைப் பார்த்து அடிங்க, கொடியில் விழும்" என்பதுதான் என் முதல் பாடம். காற்று எந்தக் கன்னத்தில் படுகிறதோ அந்தப் பக்கம் தள்ளி அடிக்க வேண்டும் என்பது இரண்டாவது பாடம். மாதக்கணக்கில் அப்படியே அடித்து அடித்து, டாக்டர், வில்சன் அண்ணன், ரஹீமா அக்கா மூவருக்கும் அது உடம்போடு ஒட்டிவிட்டது.

ஆடி மாதம் மலைமேல் இருக்கிற ஒரு கோல்ஃப் கிளப்பிலிருந்து போட்டிக்கு அழைப்பு வந்தது. நான் துள்ளிக் குதித்தேன். அங்கே என் ஆட்கள் நன்றாக ஆடினால் என் பெயர் நாலு பேருக்குத் தெரியும், மைதானத்துக்கு ஆள் வரும், நான் விமானம் ஏற வேண்டாம். வேனில் போகும்போது, கோப்பையை வீட்டில் எங்கே வைப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

காலையில் மலையில் ஒரு இலைகூட அசையவில்லை. டாக்டர் அடித்தார். பந்து அழகாக உயர்ந்து, நேராகப் போய், வலதுபக்கம் கிளப் சமையல்காரர் போட்டிருந்த முட்டைக்கோஸ் பாத்தியில் விழுந்தது. வில்சன் அண்ணன் அடித்தார். முட்டைக்கோஸ். ரஹீமா அக்காவும் அடித்தார். அதே பாத்தி! காற்று வந்து பந்தை இடதுபக்கம் தள்ளும் என்று மூன்று உடம்பும் நம்பி வீசியிருக்கின்றன. "நேரே அடிங்க, நேரே" என்று நான் கத்திப் பார்த்தேன். மனசு கேட்டது, உடம்பு கேட்கவில்லை. சொல்லிக்கொடுத்தவன் நான்தானே, யாரைக் குறை சொல்ல? கிளப் செயலாளர், தொப்பி போட்ட காப்பித் தோட்டக்காரர், என் பக்கத்தில் வந்து அக்கறையோடு கேட்டார்: "உங்க ஊர்ல எல்லாருக்குமே கழுத்து வலதுபக்கம் திரும்பியேதான் இருக்குமா சார்?"

மத்தியானம்

சாப்பாட்டுக்குப் பிறகு மலைக்குக் காற்று வந்தது. அந்தக் காற்றைப் பார்த்து மலைக்காரர்கள் மிரண்டதைப் பார்க்க வேண்டுமே! அவர்கள் பந்து ஒன்று ஓடையில், ஒன்று செயலாளரின் காருக்கு அடியில். நான் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ரஹீமா அக்கா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, முகத்தைக் காற்றுக்குக் காட்டினார். இடது கன்னம். இடதுபக்கம் தள்ளி வீசினார். பந்து முதலில் எங்கோ போவதுபோல் போய், காற்றோடு வளைந்து வந்து, கொடிக்குக் கீழே உட்கார்ந்தது. அடுத்த குழிக்கு அடிக்கும்போது காற்று வலது கன்னத்தில் பட்டது. அதற்கும் அப்படியே. டாக்டரும் வில்சன் அண்ணனும் அவரைப் பார்த்துத் தெம்பாகிவிட்டார்கள். வில்சன் அண்ணன் மூச்சு விட்டுக்கொண்டே அடித்தார்.

கோப்பை எங்களுக்குக் கிடைக்கவில்லை. முட்டைக்கோஸின் பாவம் சும்மா விடுமா? ஆனால் மத்தியான ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், அந்த மலையில் ரஹீமா அக்காவை நெருங்க ஆள் இல்லை. எனக்கு வந்த பெருமைக்கு அளவே இல்லை. நாங்கள் வேனில் ஏறும்போது செயலாளர் ஓடி வந்தார். தலை வெறும் தலையாக இருந்தது. "சார், எங்க ஆளுங்கள உங்க ஊருக்குக் கூட்டிட்டு வந்தா இந்தக் காத்துல ஆடச் சொல்லித் தருவீங்களா? எனக்குத் தொப்பியே நிக்கமாட்டேங்குது!"

போன்

ஆவணியில் மலைக்காரர்கள் இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். அவர்கள் சொல்லி இன்னொரு ஊர் கிளப் வந்தது. அதுவரை நான் காற்றைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது காற்றுக்காகவே ஆள் வருகிறது. காற்று ஓயும் மாதங்களுக்கு நேராக அடிக்கும் பாடத்தையும் தனியாகச் சேர்த்துவிட்டேன். ஒரே தப்பை இரண்டு தடவை செய்கிற ஆள் நான் இல்லை. ஆனாலும் பழைய முதலாளிக்கு 'வரவில்லை' என்று சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை. இத்தனை வருஷம் சோறு போட்ட வேலை. நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டே இருந்தேன்.

செப்டம்பர் கடைசியில் ஒரு மத்தியானம், மலைக்காரர்கள் வாழைக்குள் அனுப்பிய பந்துகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன். செல்வி என் செல்போனைக் கையில் பிடித்தபடி வரப்பில் வந்து நின்றாள். சொன்னாள்: "உங்க பழைய கம்பெனிக்காரர் கூப்பிட்டாரு. நீங்க இங்க குனிஞ்சிக்கிட்டு நின்னிய. அவிய இனி வரமாட்டாவன்னு நானே சொல்லிட்டேன். சோறு ஆறுது, வாருங்க."

கோல்ஃபில் முன்னேற நேரம், பணம், உழைப்பு மூன்றையும் கொட்ட வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். நாலாவதாக, நமக்கு வாய் வராத பதிலைப் போனில் சொல்ல வீட்டில் ஒரு ஆள் வேண்டும் என்பதை மட்டும் தொழில் ரகசியமாக வைத்திருக்கிறேன்.