ஹேண்டிலுக்குள் ஒரு பள்ளம்

ஏர்வாடியைத் தாண்டி சிக்கல் பக்கம் போகும் சாலை நேராக, ஆளில்லாமல் கிடக்கும். அங்கே வேகம் ஐம்பதைத் தொட்டால் போதும், என் வண்டி பாம்பு மாதிரி நெளிய ஆரம்பித்துவிடும். விழும் அளவுக்கு இல்லை. ஆனால் நான் அதை ஓட்டவில்லை, அதுதான் என்னைக் கொண்டுபோகிறது என்று தோன்றும்.

என் கணவர் வளைகுடா வேலைக்குப் போகும்போது விட்டுப்போன மோட்டார் சைக்கிள் அது. கீழக்கரையிலிருந்து சிக்கலுக்கு அந்தப் பக்கம் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போய்வருகிறேன். நெளிகிறது என்றதும் அவர் போனில், "வித்துட்டு ஸ்கூட்டர் வாங்கு புள்ள" என்றார். "முடியாது மச்சான்" என்று சொல்லிவிட்டேன். கியர் மாற்றிப் பறக்கும் சுகத்தை விட எனக்கு மனசில்லை.

மெக்கானிக் அண்ணனோ காற்றைச் சொன்னார். "நம்ம ஊர்க் காத்து ஆளையே தள்ளும்க்கா, வண்டி எம்மாத்திரம்?" முதல் தடவை டயரில் காற்றைச் சரிபார்த்தார். அடுத்த தடவை முன் டயரையே மாற்றினார். நெளிவு நிற்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, கருவேல இலைகூட அசையாத வெயிலில் திரும்பிவரும்போதும் வண்டி நெளிந்தது. அப்போதே தெரிந்துவிட்டது, காற்றின் மேல் பழி போடக் கூடாதென்று. கொஞ்ச தூரத்தில் ஆட்டுமந்தை குறுக்கே வர, முன் பிரேக்கைப் பிடித்தேன். உள்ளங்கைக்குள் 'டக்' என்று ஒரு இடி. பயத்தைவிட எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. வியாதி இப்போதுதான் வாய் திறந்திருக்கிறது!

மறுநாள் பள்ளி விடுமுறை. முற்றத்தில் வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றினேன். முன் சக்கரம் தரையைவிட்டு எழும்பினால்தான் சோதிக்க முடியும். பின்னால் பாரம் வேண்டும். கணவரின் உம்மாவைக் கூப்பிட்டேன்.

"மாமி, பின் சீட்டுல ஏறி உக்காருங்க."

"ஓடுமா?"

"ஓடாது மாமி."

பிஸ்மில்லா சொல்லி ஏறினார். முன் சக்கரம் இரண்டு விரல் உயரம் எழும்பியது. "யா அல்லாஹ்! ஏ புள்ள, தூக்குது!"

"தூக்கத்தான் உங்களை ஏத்தினேன். அசையாம இருங்க."

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். ஆட்டமில்லை. சுழற்றிவிட்டுக் காதை வைத்தேன். உரசல் இல்லை. ஆக, சக்கரத்து பேரிங் நன்றாக இருக்கிறது. அடுத்து, சக்கரத்தைத் தாங்கும் இரண்டு ஃபோர்க்கையும் அடியில் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தேன். டக்! அதே இடி. என்ன சத்தம் என்று பார்க்க மாமி குனிய, சக்கரம் பொத்தென்று தரையில் இறங்கியது. மறுபடி பின்னால் தள்ளி உட்காரவைத்தேன். ஒரு கையால் ஃபோர்க்கை இழுத்து, இன்னொரு கை விரலை ஹேண்டிலுக்குக் கீழே உள்ள மூட்டில் வைத்தேன். விரலுக்கடியில் அந்த மூட்டு அசைந்தது.

கடைசியாக, ஒரே விரலால் ஹேண்டிலை மெல்லத் திருப்பினேன். இடமிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது, சரியாக நடுவில் எதிலோ விழுந்து உட்கார்ந்துகொண்டது. தாண்டிப் போக ஒரு தள்ளு தேவைப்பட்டது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. நேர் சாலையிலும் நம் கை நமக்கே தெரியாமல் ஹேண்டிலை அணு அணுவாகத் திருத்திக்கொண்டே இருக்கும். இங்கே அந்தச் சின்னத் திருத்தத்தை நடுப்பள்ளம் பிடித்துவைக்கிறது. மீறித் தள்ளினால் அளவுக்கு மேல் போய்விடுகிறது. அதுதான் நெளிவு!

"மாமி, கெடச்சிருச்சு! பள்ளம்!"

"எங்கன?" என்று மாமி தரையைப் பார்த்தார்.

மாமியை இறக்கிவிட்டு, வண்டியோடு அப்படியே மெக்கானிக்கிடம் ஓடினேன். "அண்ணே, ஹேண்டில் பேரிங் போயிருச்சு. கோன் செட்டுன்னு சொல்வீங்களே, அதுதான்."

"யாருக்கா சொன்னா?" என்று சிரித்தார்.

"முன்வீலைத் தூக்கிட்டு ஒத்த விரலால திருப்பிப் பாருங்க."

திருப்பினார். சிரிப்பு நின்றது. கழற்றிப் பார்த்தால், குண்டுகள் ஓடும் எஃகு வளையத்தில் வரிசையாகக் குழிகள், பொடிசான பணியாரச் சட்டி மாதிரி. கிரீஸ் காய்ந்து துருவோடு துருவாகியிருந்தது.

"உப்புக் காத்து உள்ள எறங்கிருக்குக்கா" என்றவர், சற்று யோசித்து, "அப்ப நான் காத்துன்னு சொன்னதும் பாதி சரிதானே?" என்றார். இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

புது செட் மாட்டியதும் ஹேண்டிலை லேசாகத் தட்டினேன். பாதியில் நின்றது. "இறுக்கம் ஜாஸ்திண்ணே." அவர் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினார். இப்போது தட்டினால் தன் கனத்திலேயே ஓரம்வரை போய்ச் சாய்ந்தது. ஃபோர்க்கை இழுத்தேன். சத்தமே இல்லை.

திங்கட்கிழமை, ஐம்பதைத் தாண்டியும் வண்டி கோடு போட்டதுபோல் போனது. ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுக் கத்தினேன்.

பள்ளிக்கூடத்து வேப்பமர நிழலில் தலைமையாசிரியரின் வண்டி நின்றது. கை பரபரத்தது. பின் சக்கரத்தைப் பிடித்து இடம் வலமாக ஆட்டினேன். கடகடவென்றது.

"டீச்சர், என் வண்டியை என்ன பண்றீங்க?" என்று வராந்தாவிலிருந்து குரல் வந்தது.

"சார், உங்க பின்வீல் பேரிங் போச்சு!" என்றேன், பரிசு விழுந்த செய்தியைச் சொல்வதுபோல.