சிவப்பு மூடிப் போத்தலும் இருபத்தொரு வெள்ளியும்

எங்கள் வீட்டில் பைக்கற் வாசிக்கும் உத்தியோகம் என்னுடையது. வெள்ளைக்காரர் நாட்டில், டூட்டிங்கில் இருந்த அந்தக் காலத்தில் எனக்கு ஒன்பது வயது. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது; கடையிலிருந்து எது வந்தாலும் அதன் முதுகைத் திருப்பி என் மூக்குக்கு முன்னால் நீட்டுவார். "முட்டை கிடக்கோ, வாசி பாப்பம்." கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்த அப்பா வந்து சேரவேண்டுமென்று அம்மா முருகனுக்கு இருபத்தொரு வெள்ளிக்கிழமை விரதம் நேர்ந்திருந்தார். அந்த நாட்களில் முட்டை என்ற பேச்சே வீட்டில் கிடையாது.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். முதலில் அங்கிருந்து கழுத்தில் கண்ணாடிப் போளை உருளும் சோடாப் போத்தல் ஒன்று கொண்டுவந்தார். "இது எங்கட போளைச் சோடாவெல்லே!" என்று அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அன்றிலிருந்து ஜப்பான்காரர்மேல் அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை. அடுத்து வந்ததுதான் மயோனைஸ். அமத்தினால் நெளியும் மெல்லிய போத்தல், சிவப்பு மூடி, உடுப்புப் போட்டதுபோல மேலே ஒரு பிளாஸ்டிக் பை. பள்ளிக்கூடத்து மயோனைஸ் இனிப்பும் புளிப்புமாக வாயைக் கெடுக்கும். இதுவோ, ஐயோ, அப்படியொரு ருசி! புட்டிலும் போட்டேன், தோசையிலும் போட்டேன்.

வில்லங்கம் போத்தலின் முதுகில் இருந்தது. ஜப்பான் எழுத்துக்கு மேலே ஒட்டியிருந்த சின்ன வெள்ளைத் துண்டில், ஆங்கிலத்தில், முட்டை மஞ்சட்கரு. வெள்ளிக்கிழமைகளில் அம்மா போத்தலை ஒளித்துவிடுவாரே என்ற பயத்தில், துண்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து உரித்தெடுத்துவிட்டேன். அம்மா கேட்டபோது ஜப்பான் எழுத்தைக் காட்டிக் கையை விரித்தேன். மாமா பாவம், எதுவும் தெரியாமல், "சோயாவாத்தான் இருக்கும் அக்கா, அவங்களுக்கு எல்லாம் சோயாதான்" என்றார்.

நான் நினையாத ஒன்று நடந்தது. அடுத்த வெள்ளி, விரதச் சாப்பாட்டில் அவித்த உருளைக்கிழங்கின்மேல் அம்மாவும் அதைப் பிதுக்கினார். "நல்லாத்தானடி கிடக்கு." பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அதேதான். சொன்னால் அடி விழும். சொல்லாவிட்டால் அப்பா வரமாட்டார். கோழையான நான் அடிக்கே பயந்தேன்.

இருபத்தோராவது வெள்ளியும் வந்தது. விசா வரவில்லை. அம்மா விளக்கேற்றிவிட்டு, சமைக்காமல், குசினிக் கதிரையில் சும்மா இருந்தார். "எல்லா வெள்ளியும் முடிஞ்சுதடா தம்பி. இனி என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல" என்று மாமாவிடம் சொன்னது காதில் விழுந்ததும், நான் ஓவென்று அழுது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"முருகனுக்கென்ன, ஜப்பான் பாஷை தெரியுமே? விடுங்கோ அக்கா" என்று மாமா சமாளித்துப் பார்த்தார்.

அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. "அப்ப முட்டையாலதான் அவர் வரேல்ல" என்றார். எழுந்துபோய், கலண்டரில் அடுத்த வெள்ளிக்கு நேரே ஒன்று என்று எழுதினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு அடிக்குக் காத்து நின்ற என்னை இழுத்து உச்சியில் கொஞ்சினார். பிறகு தேவாரம் முணுமுணுத்தபடி அரிசி கழுவினார்.

அப்பா வந்து இறங்கியபோது இரண்டாவது எண்ணிக்கை பதினாறில் நின்றது. அதன் பிறகும் நெடுங்காலம், அவ்வளவு பெரிய பிழைக்கு ஏன் ஓர் அடிகூட விழவில்லை என்பது எனக்குப் புதிராகவே இருந்தது. வெள்ளிகள் தீர்ந்துபோய்க் கைவிரித்து இருந்த அம்மாவுக்கு, நான் இன்னும் இருபத்தொன்றைக் கொடுத்திருந்தேன் என்று அந்த ஒன்பது வயதுக்கு எப்படித் தெரியும்?